புள்ளி வைத்த பெயர்

காசு வேண்டாம் என்று சொல்கிற ஆளைத் தையல்காரம்மா நம்பியதே இல்லை. அந்த ஆள் சம்பந்தியாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சம்பந்தி, அதாவது அவளுடைய ஒரே மகளின் மாமனார், முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனிதர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், பேப்பரை விளம்பரம் விடாமல் படிப்பார்கள். இவருக்கு வேறு பைத்தியம். யார் வீட்டிலாவது பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், தோளில் பையை மாட்டிக்கொண்டு போய், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவார். பைக்குள் பென்குயின் படம் ஒட்டிய ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் பென்டிரைவ்கள், ஸ்க்ரூ டிரைவர்கள், மடித்த கைக்குட்டை ஒன்று.

தையல்காரம்மாவின் கம்ப்யூட்டருக்கும் வயதாகிவிட்டிருந்தது. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடித்தால்தான் திரையில் ஏதாவது தெரியும். பதினோரு வருட வாடிக்கையாளர்களின் அளவுகள் அத்தனையும் அதில்தான் இருந்தன. அதனால் சம்பந்தி போனில், "நான் வந்து சரி பண்ணித் தரேங்க, புதுசு எதுக்கு?" என்றபோது அவளால் மறுக்க முடியவில்லை. "வாங்க, வாங்க" என்று வாய் நிறையச் சொன்னாள். போனை வைத்துவிட்டு, "எதுக்கு இந்த அக்கறை?" என்று தையல் மெஷினைப் பார்த்துக் கேட்டாள்.

மெஷினிடம் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கம்ப்யூட்டரில் அளவுகள் மட்டுமா இருந்தன? எட்டு வருடத்துக்கு முன்னால் மகள் கல்யாணமாகிப் போன புதிதில், முதல் இரண்டு வருடத்தில் எழுதிய கடிதங்களும் இருந்தன. மொத்தம் எழுபத்து மூன்று. மெயிலில் வந்த ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுத் தனித்தனியாகச் சேமித்து, 'சம்பந்தி வீடு' என்று பெயர் வைத்த ஃபோல்டரில் பத்திரப்படுத்தியிருந்தாள். மெயில் கொடுத்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. வேறு பிரதி கிடையாது. உள்ளே முழுக்கப் புகுந்த வீட்டுப் புராணம்தான். மாமியார் பேசாமல் இருந்த நாட்கள், மாமனாரின் பழக்க வழக்கங்கள், சாப்பாட்டு மேஜையில் யார் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பது வரை. படித்தால் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது போல இருக்கும். இப்போதெல்லாம் அவள் போனில், "நல்லா இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்" என்பதோடு சரி.

அதனால் அழிக்க மனசு வரவில்லை. ஆனால் அதில் ஒன்று அவர் கண்ணில் பட்டாலும் தொலைந்தது. மகள் இன்றைக்கும் அந்த வீட்டில்தான் தூங்கி எழுந்திருக்கிறாள்.

அவர் வருவதற்கு முந்தின நாளே ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் போட்டு, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்து, பென்டிரைவைப் பட்டன் டப்பாவின் அடியில் புதைத்தாள்.

சம்பந்தி வந்தார். அரை நாள் வேலை. அவள் ஒரு கவுனுக்கு ஹெம்மிங் போட்டுக்கொண்டே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பார்த்ததில் எதுவும் பிடிக்கவில்லை.

"இப்போ உங்க பாஸ்வேர்டை நீங்களே அடிங்க" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எதிரே ஒரு கடிகாரம்கூட இல்லாத வெறும் சுவர். "முடிஞ்சதும் சொல்லுங்க."

என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டே அடித்தாள். கறுப்புத் திரையில் ஒன்றும் தெரியவில்லை.

"ஏங்க, நான் அடிக்கிறேன், ஒரு எழுத்துகூட விழலையே?"

"விழாதுங்க. அது அப்படித்தான். எத்தனை எழுத்துன்னுகூடப் பக்கத்துல இருக்கிறவனுக்குத் தெரியக் கூடாது. நீங்க பாட்டுக்கு அடிச்சுட்டு என்டர் தட்டுங்க."

தட்டினாள். உள்ளே விட்டது. ஆனால் அவள் அடித்தது திரையில் விழவில்லை என்றால் வேறெங்கோ விழுந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? எங்கே என்பதுதான் கேள்வி.

இன்னொன்றும் இருந்தது. அரை மணிக்கு ஒரு தடவை அவர், "ஒரு நிமிஷங்க" என்று எழுந்து வெளி நடைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கொஞ்சம் கழித்துக் கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடி வருவார். யாருக்குப் போன் பேசுகிறார்? பேசுகிறவர் ஏன் கதவைச் சாத்த வேண்டும்? அவள் வீட்டைப் பற்றி அவர் வீட்டுக்குத் தகவல் போகிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பாடம். காப்பி எடுப்பது, அப்டேட் போடுவது, அளவுகளை ஒரே அட்டவணையில் வைப்பது என்று பொறுமையாகத்தான் சொல்லிக் கொடுத்தார். ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டாலும் முகம் சுளிக்கவில்லை. இவ்வளவு பொறுமை ஒரு மனிதனுக்கு எதற்கு என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் என்னவோ ஓடத்தான் செய்தது. பொத்தானை அமுக்கி ஊசியில் நூல் கோப்பதற்குள் தயாராக நின்றது. அதற்கு அவரைப் பாராட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

இதற்கிடையில் பென்டிரைவ் மக்கர் பண்ண ஆரம்பித்தது. இரண்டு தடவை செருகினால் ஒரு தடவைதான் பேசியது. வேறு வழியில்லாமல் அடுத்த ஞாயிறு அவரிடமே நூல் விட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, வாடிக்கையாளருங்க அளவெல்லாம் வர்றவங்க போறவங்க கண்ணுல படக் கூடாதில்ல? ஒரு ஃபோல்டரை மறைச்சு வைக்க முடியுங்களா?"

"சுலபம். பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி வையுங்க. அவ்வளவுதான், மறைஞ்சுடும். கண்ட்ரோலையும் ஹெச்சையும் சேத்து அமுக்கினா மறுபடி தெரியும். ஆனா இது பூட்டு இல்லீங்க. ஜன்னலுக்குத் திரை போட்ட மாதிரிதான்."

அவர் தெருவைத் தாண்டியதும் கடிதங்களை உள்ளே ஏற்றி, 'சம்பந்தி வீடு' என்பதற்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தாள். ஃபோல்டர் பளிச்சென்று காணாமல் போனது. அவர் சொல்லிக் கொடுத்த வித்தையை வைத்தே அவர் கண்ணைக் கட்டிவிட்டோம் என்று அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரத்தில் பென்டிரைவ் முழுசாகச் செத்துப்போனது. போகட்டும் என்று குப்பையில் போட்டாள்.

அடுத்த மாதம் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. சம்பந்தி காதை வைத்துக் கேட்டார். முப்பத்தொரு வருடம் லிஃப்டுக்குக் காது கொடுத்தவர்.

"டிஸ்க் போகப் போகுதுங்க. இப்பவே மாத்திடலாம்."

புது டிஸ்க் மாட்டி, புதிதாக லினக்ஸ் போட்டு, பழைய டிஸ்கை ஒரு ஒயரில் கோத்து எல்லாவற்றையும் இந்தப் பக்கம் காப்பி எடுத்தார். தையல்காரம்மா அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று, திரையில் ஓடுகிற பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அளவுகள் போயின. பேட்டர்ன்கள் போயின. பேத்தியின் போட்டோக்கள் போயின. 'சம்பந்தி வீடு' மட்டும் கண்ணில் படவே இல்லை. மறைத்தது மறைத்தபடியே இருக்கிறது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

வேலை முடிந்ததும் அவர் பழைய டிஸ்கை டப்பாவில் போட்டு மூடினார். சிரிப்பு அதோடு போனது.

"அது இங்கேயே இருக்கட்டுமே?"

"வேண்டாங்க. கெட்டுப்போன டிஸ்கை யாராவது ஒரு நாள் பழைய சாமானோட தூக்கிப் போட்டுடுவாங்க. உள்ள இருக்கிறது ஊர் பூரா சுத்தும். என்கிட்ட முப்பது நாள் இருக்கும். ஏதாவது விட்டுப்போயிருந்தா சொல்லுங்க. முப்பதாம் நாள் துடைச்சு அழிச்சிடுவேன். எல்லார் வீட்டு டிஸ்குக்கும் இதே வழக்கந்தான்."

எதைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறாரே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

இருபத்தேழாம் நாள் மகளின் பிறந்தநாள். போன் போட்டாள், மகள் எடுக்கவில்லை. சரி, கடிதத்தையாவது படிப்போம் என்று உட்கார்ந்து கண்ட்ரோலையும் ஹெச்சையும் அமுக்கினாள். என்னென்னவோ பெயர்கள் வந்தன. 'சம்பந்தி வீடு' வரவில்லை. மறுபடி அமுக்கினாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அமுக்கினாள். இல்லை.

எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதுதான் டிஸ்கை டப்பாவில் போட்டு மூடினார். மகள் போன் எடுக்காததற்கும் இதுதான் காரணம். இந்நேரம் அந்த வீட்டில் எழுபத்து மூன்றையும் வரிசையாக வைத்துப் படித்துக்கொண்டிருப்பார்கள். கையில் இருந்த கோட்டுக்கு வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்தாள். பிரித்தாள். மறுபடி அதே தப்பைத் தைத்தாள்.

கேட்டால், அப்படி ஒன்று இருக்கிறது என்று தானே போய்ச் சொன்ன மாதிரி. கேட்காவிட்டால், மூன்றே நாள். மகள் பேசிய பேச்சு அத்தனையும் அழிந்துபோகும். மத்தியானம் வரைக்கும் தாங்கினாள். அதற்கு மேல் முடியாமல் போன் போட்டாள்.

"சம்பந்தி, அந்தப் பழைய டிஸ்கைக் கொண்டு வாங்க. ஒண்ணு விட்டுப்போச்சு."

"அடடா. என்ன பேருன்னு சொல்லுங்க, நானே தேடி எடுத்து..."

"வேண்டாம்! நீங்க தேட வேண்டாம். நானே எடுத்துக்கிறேன்."

"சரிங்க" என்றார்.

ஒரு மணி நேரத்தில் வந்து நின்றார். டிஸ்கை ஒயரில் கோத்தார். எழுந்து போய் அதே வெறும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். "கண்ட்ரோலும் ஹெச்சும்" என்றார் சுவரிடம்.

அமுக்கினாள். இருந்தது. அவள் வைத்த புள்ளியோடு, அப்படியே இருந்தது.

"புள்ளி வெச்ச பேரா?" என்று அவர் சுவரிடமே கேட்டார். "ம்" என்றாள். "அப்போ தப்பு என்னோடதுங்க. புள்ளி வெச்சதெல்லாம் பழைய செட்டிங்ஸ்னு, புது டிஸ்குக்குக் கொண்டு வர மாட்டேன். அதெல்லாம் வராத மாதிரிதான் காப்பி போடறதே. உங்களுக்குப் புள்ளி வைக்கச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். மறந்தே போச்சு."

அவள் பாதுகாப்பு என்று ஒளித்த இடம் அவர் குப்பை என்று ஒதுக்குகிற இடமாக இருந்திருக்கிறது. எழுபத்து மூன்றும் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. ஆனாலும் சந்தேகம் விட்டபாடில்லை.

"நீங்க பாத்தீங்களா?" நேராகவே கேட்டுவிட்டாள்.

"டப்பாவை விட்டே எடுக்கலைங்க." சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "மருமக எழுதினதுதானே?"

மௌஸை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "எப்படித் தெரியும்?"

"அப்போ வீட்டுல ஒரே கம்ப்யூட்டர். எல்லாருக்கும் ஒரே கணக்கு. யார் வேணா எதை வேணா திறக்கலாம். ஒரு நாள் அவ மூடாம எழுந்து போயிட்டா. என்னமோன்னு உக்காந்தவன் ஒரு கடிதம் படிச்சுட்டேன். ஒண்ணே ஒண்ணுதான். படிச்சிருக்கக் கூடாது. அடுத்த வாரமே இந்த லினக்ஸைக் கத்துக்கிட்டுப் போட்டேன். ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு. யாருது யாருக்கும் தெரியாது. அப்படித்தான் இதுல வந்து மாட்டினேன்."

"அவகிட்ட சொன்னீங்களா?"

"எப்படிங்க சொல்றது?"

அவர் தொண்டையில் கை வைத்தார். "ஒரு நிமிஷங்க" என்று நடைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எதைப் படித்தார்? எழுபத்து மூன்றில் ஒன்று என்றால் எது? அவர் மனைவியைத் திட்டி எழுதியதா? தனிக்குடித்தனம் போகலாமா என்று கேட்டதா? உடனே யாருக்கோ போன் போடுகிறாரே? தையல்காரம்மா சத்தமில்லாமல் எழுந்து போய்க் கதவில் காது வைத்தாள்.

போன் இல்லை. பேச்சு இல்லை. நீளமாக, அடித்தொண்டையிலிருந்து, இழுத்து இழுத்து ஒரு செருமல். கைக்குட்டைக்குள் அமுக்கிச் செருமுகிற செருமல்.

திரும்பி வந்து பதினொன்றாம் கடிதத்தைத் திறந்தாள். அவளுக்கு அது மனப்பாடம்தான், ஆனாலும் திறந்தாள்.

"அம்மா, மாமா காலைல செருமுறது இருக்கே, லாரி ஸ்டார்ட் ஆகாம இழுக்குற மாதிரி இருக்கும். தினமும் கண்ணை முழிச்சதும் முதல்ல அதைத்தான் கேக்குறேன். காதைப் பொத்திக்கிட்டு அழலாம் போல வருதும்மா. இந்தச் சத்தத்தோட எத்தனை வருஷம் இருக்கப் போறேனோ."

அதற்குப் பின் வந்த அறுபத்து இரண்டு கடிதத்திலும் செருமல் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மகள் பழகிவிட்டாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். எட்டு வருடமாக இந்த மனிதர் தன் தொண்டையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வெளியே போய் நின்றிருக்கிறார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இஞ்ச் டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேஜையில் போன் மினுங்கியது. மகள்தான். 'மீட்டிங்மா, சாயங்காலம் கூப்பிடறேன்.'

கதவு திறந்தது. அவர் வாயைத் துடைத்தபடி வந்து, பழக்க தோஷத்தில் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"திரும்புங்க. முடிஞ்சுது. அந்த டிஸ்கை அழிச்சிடுங்க."

"பக்கத்துல இருந்து பாக்குறீங்களா?"

"வேண்டாம். நீங்களே அழிங்க."

அவர் டிஸ்கை டப்பாவில் வைத்தார். அவள் கோட்டைக் கையில் எடுத்தாள், தையலைப் பிரிக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"சம்பந்தி."

"சொல்லுங்க."

"இனிமே இங்க வந்தா வெளியில போக வேண்டாம். உள்ளயே செருமுங்க."

அவர் கைக்குட்டையை நாலாக மடித்தார். பிரித்து, மறுபடி மடித்தார்.

"பழகிடுச்சுங்க" என்றார்.