அக்காவுக்கு எப்போதும் வெள்ளை

தைக்கக் கொடுத்த கவுனை வாங்க வந்த பெண் கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே டெய்லரம்மா, உடுப்பைப் போட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஆளுயரக் கண்ணாடியின் முன்னால் நின்று, போனின் முகத்தைக் கண்ணாடிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். போனுக்குள் ஒருவர் செஸ் ஆடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். டெய்லரம்மா கண்ணாடிக்குள் பார்த்தபடியே, வெட்டும் மேசையில் ஒரு கறுப்புச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினாள்.

"போனை நேரா பாத்தா ஆகாதாம்மா?"

"நேரா பாத்தா தப்பாத் தெரியும்."

அதற்குள் கையிலிருந்த போனே அடித்தது. அக்கா மகன்.

"சித்தி, காலையிலேருந்து அம்மாவுக்கு ஒரு வாய் தண்ணிகூட இறங்கல. ஆனா போர்டை எடுத்து வைக்கச் சொல்றாங்க. நர்ஸ் என்ன சொல்றாங்கன்னா..."

"தெரியும்டா. வந்துட்டேன்."

கவுனைப் பையில் போட்டுக்கொடுத்து, கடையைப் பூட்டி, தோளில் குத்தியிருந்த குண்டூசிகளைக்கூட எடுக்காமல் அவள் நடந்தாள். அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி. அறுபத்தாறு வயதில் அந்த இரண்டு தெருவை அவள் ஒருநாளும் இவ்வளவு வேகமாக நடந்ததில்லை.

ஐம்பத்தெட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்காவுக்கும் அவளுக்கும் செஸ்தான். வெள்ளை எப்போதும் அக்காவுக்கு. "மூத்தவ நான், முதல்ல நான்தான்" என்று பதினோரு வயதில் அக்கா போட்ட சட்டம் அது. எட்டு வயதுக்காரி அழுது ஊரைக் கூட்டியதில், சமாதானமாக ஒரு பதவி கிடைத்தது. போர்டை விரித்துக் காய்களை அடுக்கும் பொறுப்பு இனி சின்னவளுடையது. அதில் அக்கா கை வைக்கக் கூடாது. சட்டமும் பதவியும் இன்றுவரை மாறவில்லை. ஐம்பத்தெட்டு வருஷத்தில் சின்னவள் ஜெயித்தது இரண்டே முறை. இரண்டும் அக்கா விட்டுக்கொடுத்தது. ஒன்று சின்னவள் கல்யாணத்துக்கு முதல் நாள். இன்னொன்று அவள் புருஷன் இறந்த வருஷம்.

மூன்று மாதத்துக்கு முன் டாக்டர் கையை விரித்தபோது, டெய்லரம்மாவுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு தடவையாவது அக்காவுக்குச் சரியான எதிரியாக உட்கார வேண்டும். ஐம்பத்தெட்டு வருஷமாகச் சொத்தை ஆட்டக்காரியோடு மல்லுக்கட்டியவள், நல்ல ஆட்டம் ஒன்றுகூடக் காணாமல் போய்விடக் கூடாது.

அப்படித்தான் போனில் தேடி ஒரு ஆட்டத்தைப் பிடித்தாள். மாடர்ன் டிஃபென்ஸ் என்று பேர். கறுப்புக்கு ஏற்றது. எதிராளி எப்படி வந்தாலும் பரவாயில்லை. நடுவை அவருக்கே விட்டுவிட வேண்டும். குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, அந்த இடத்தில் மந்திரியை உட்காரவைத்துவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும். எந்தப் பக்கம் அடிக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. துணியை வெட்டாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கலாம் என்கிற மாதிரி. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆனால் முதல் பாடத்திலேயே தலையில் இடி விழுந்தது. போர்டை வைக்கும்போது வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டுமாம். எட்டு வயதிலிருந்து அவள் கறுப்புக் கட்டத்தைத்தான் அங்கே வைத்துவந்தாள். அதனால் ராஜாவும் ராணியும் இடம் மாறி, ஆட்டம் முழுக்க இடம் வலமாகப் புரண்டு கிடந்தது. அக்காவிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது? சாகக் கிடப்பவளிடம், "நாம ஆடினதெல்லாம் தப்பு, தப்பு பண்ணினது நான்" என்றா? வாயை மூடிக்கொண்டாள். கண்ணாடி கை கொடுத்தது. போனைக் கண்ணாடியில் காட்டினால், போனுக்குள் இருந்த போர்டும் அவர்கள் வீட்டுப் போர்டு மாதிரியே ஆகிவிட்டது.

அக்கா மூன்று தலையணையில் சாய்ந்து கிடந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள், கண் மட்டும் பழைய கண்.

"எவ்வளவு நேரம்டி? நான் என்ன, பஸ்ஸுக்கா காத்திருக்கேன்?"

அக்கா மகன் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் குட்டி மேசையைக் கட்டில் மேல் வைத்தான். டெய்லரம்மா போர்டை எப்போதும் போல விரித்து, காய்களை அடுக்கினாள்.

"இதோ பாரு, பாவம் பாத்தேன்னு வை, எழுந்து வந்து அறைவேன்."

"முதல்ல எழுந்து வா, அப்புறம் பாக்கலாம்."

அக்கா விரலால் காட்டினாள்; டெய்லரம்மாதான் வெள்ளையையும் நகர்த்தினாள். அக்காவின் சிப்பாய்கள் வழக்கம் போல நடுவில் வந்து மார்தட்டின. டெய்லரம்மா குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். பிறகு மந்திரியை அந்தச் சந்தில் உட்காரவைத்தாள். அக்காவின் புருவம் ஏறியது.

"என்னடி இது புதுசா? யாரு சொல்லிக் குடுத்தா?"

"போன்ல பாத்தேன்."

அக்கா போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "போன்ல மந்திரி அந்தப் பக்கம்ல உக்காந்திருக்கும்?" என்றாள்.

டெய்லரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தபாலாபீஸ்ல சேந்த முதல் வாரமே தெரியும். சாப்பாட்டு நேரத்துல நான் போர்டை வெச்சேன். தபால் பிரிக்கிறவங்க அத்தனை பேரும் கையில இருந்த தபாலைப் போட்டுட்டுச் சிரிச்சாங்க."

"முப்பத்திநாலு வருஷம் அங்க வேலை பாத்தியே. ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே?"

"நீதானே வைப்ப. அதுல நான் கை வைக்கக் கூடாதுன்னுதானே பேச்சு?" மூச்சு வாங்க அக்கா நிறுத்தினாள். "திங்கள்லேருந்து சனி வரைக்கும் அவங்க போர்டு. ஞாயித்துக்கிழமை உன் போர்டு. எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல. நீ எப்படிக் கத்துக்கிட்ட?"

"கடைக் கண்ணாடியில காட்டி."

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகு நேரமாயிற்று. டெய்லரம்மா ஈரத்துணியால் அவள் உதட்டைத் துடைத்துவிட்டாள். இந்த ஒருத்தியைப் போல இன்னொருத்தி தனக்கு இனி வாய்க்கப்போவதில்லை என்று சொல்ல வந்தாள்.

"இத்தனை நாள் நான் தோத்ததுக்கு அந்தப் போர்டுதான் காரணம்" என்று மட்டும் சொன்னாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஆடுடி."

ஆடினார்கள். அக்கா நடுச் சிப்பாயை இன்னும் ஒரு கட்டம் முன்னால் தள்ளச் சொன்னாள். தள்ளிய பிறகுதான் டெய்லரம்மா பார்த்தாள். சந்தில் இருந்த மந்திரிக்கு வழி திறந்துவிட்டது. வழியின் கடைசியில் அக்காவின் குதிரை, காவல் இல்லாமல் நின்றது. நல்ல உடம்பில் இருந்தால் அக்கா இதைத் தூக்கத்தில்கூட விடமாட்டாள்.

பார்க்காத மாதிரி வேறு எதையாவது நகர்த்திவிடலாம். அக்காவுக்குத் தெரியவா போகிறது? டெய்லரம்மா ஒரு சிப்பாயின் தலையில் விரலை வைத்தாள். அக்கா போர்டைப் பார்க்கவில்லை. அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெய்லரம்மா விரலை எடுத்தாள். மந்திரியைத் தூக்கி, அந்த நீளக் கோட்டைக் கடந்து, குதிரையை வெட்டினாள்.

"அடிப்பாவி!" அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னான்! டேய், இங்க வாடா, உன் சித்தி என் குதிரையை அடிச்சிட்டா!"

அடுப்படியிலிருந்து ஓடிவந்த மகன், எதற்கு அழுவது எதற்குச் சிரிப்பது என்று தெரியாமல் நின்றான்.

"தொலைஞ்சேன்னு நினைக்காதே. இதுக்கு ஒரு வழி இருக்கு" என்றாள் அக்கா. "யோசிக்கிறேன். தொணதொணக்காம இரு."

கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்கா யோசிக்கும்போது பேசக் கூடாது, இருமக் கூடாது, நாற்காலி கிரீச்சிடக் கூடாது. டெய்லரம்மா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஜன்னல் வெயில் போர்டின் ஒரு ஓரத்துக்கு வந்து, அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. முக்கால் மணி நேரம் யோசித்தவள்தானே அக்கா, ஒரு காலத்தில். மகன் வந்து அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்து, "சித்தி" என்று கூப்பிட்டபோது, அவள் தன் உதட்டில் விரலை வைத்து அவனை அடக்கினாள். அவன் இன்னொரு முறை "சித்தி" என்றான். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, கட்டிலை மடக்க வேண்டியிருந்தது. ஓரமாக இறக்கி வைத்திருந்த குட்டி மேசையில் போர்டு அப்படியே இருந்தது.

"கலைச்சிடவா சித்தி?"

"வேண்டாம். அந்தப் பக்கம் பிடி."

மேசையோடு தூக்கி, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு தெருவும் அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். ஒரு சைக்கிள்காரர் இறங்கி நின்று வழிவிட்டார். ஒரு காய்கூடச் சாயவில்லை. கடையில் கண்ணாடியின் முன்னால் இறக்கி வைத்தார்கள்.

"யாரு சித்தி ஜெயிக்கிற மாதிரி இருக்கு?"

"அக்கா இன்னும் ஆடல."

அவன் போன பிறகு டெய்லரம்மா ஸ்டூலை இழுத்துக் கறுப்புப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடிக்குள் வெள்ளைக் காய்கள் இந்தப் பக்கம் நின்றன. வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம். சேலை மாற்றியபோது பழக்கத்தில் மறுபடி தோளில் குத்திக்கொண்ட நேற்றைய குண்டூசிகள் இன்னும் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.