ஏழாம் கட்டத்தில் என்ன எழுதுவது?

1

இந்தக் கதை எனக்கு ஒரு விண்ணப்பப் படிவத்திலிருந்து கிடைத்தது. அதில் ஏழாம் கட்டம் மட்டும் காலி. 'வகுப்பு நடக்கும் கிழமை, நேரம்' என்று கேட்கிறது. டெல்ஃபீன் டீச்சருக்கு அதை நிரப்பத் தெரியவில்லை. எனக்கும்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கரீபியத் தீவான டொமினிக்காவின் தென்கோடியில் அலைகள்...' (வேண்டாம். அலைகள் தேவைப்படும்போது வரட்டும்.)

2

எங்கள் ஊர் மீனவர்களுக்குப் படகு மோட்டார் பழுதுபார்க்கக் கற்றுத்தருகிறார் டெல்ஃபீன். கடல் கொந்தளித்தால் வகுப்பு. அமைதியானால் எல்லோரும் மீன்பிடிக்கப் போய்விடுவார்கள்.

வகுப்புக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தால்தான் அவருடைய மாணவன் ஹெஸ்கெத்தின் சான்றிதழ் செல்லும். அது செல்லுபடியானால்தான் பயணிகள் கப்பல் பட்டறையில் அவனுக்கு வேலை. முதுகு போய்விட்டது, இனி வலை இழுக்க முடியாது. விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

முதல் முறை அந்தக் கட்டத்தில் டெல்ஃபீன் 'கடல் சரியில்லாத நாள்களில்' என்று எழுதினார். திரும்பி வந்தது. அடுத்த முறை 'செவ்வாய், வியாழன்' என்றார். ஒரு செவ்வாயன்று ஆய்வாளர் வந்தார். கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. வகுப்பில் டெல்ஃபீனும் ஹெஸ்கெத்தும் மட்டும்.

"மத்தவங்க எங்கப்பா?"

"சூரை பிடிக்கப் போயிருக்காங்க சார். நல்ல நாளாப் பார்த்து வந்துட்டீங்க," என்றான் ஹெஸ்கெத்.

(ஆய்வாளரை வில்லனாக்கப் பார்த்தேன். 'அவர் முகத்தைச் சுளித்து...' வரை எழுதினேன். ஆனால் அவர் கோக்கோ தேநீரைக் குடித்தபடி, கழற்றிப் போட்டிருந்த கார்புரேட்டரை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

டெல்ஃபீன் மறுபடியும் பொய்க் கிழமை எழுதுவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். ஹெஸ்கெத் வேலை ஆசையை விட்டுவிடுவதாக இன்னொன்று. இரண்டிலும், அந்தக் கட்டம் எதற்காக இருக்கிறது என்று யாருமே கேட்கவில்லை. ஆகவே டெல்ஃபீனைத் தொலைபேசியில் ஆய்வாளரிடமே கேட்கவைத்தேன்.

"சார், கிழமை தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க?"

"சொல்லாம வந்து பார்க்கணும் டீச்சர். நீங்க கூப்பிட்டு நான் வந்தா, அது சோதனையா விருந்தா?"

"அப்போ, இன்னைக்கு வகுப்பு இருக்குன்னு நாங்க சொல்லாமலே உங்களுக்குத் தெரியணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

பக்கத்தில் ஹெஸ்கெத் முனகினான்: "நமக்கே யாரு சொல்றா டீச்சர்? காலைல ரேடியோதானே."

4

அங்கீகாரம் கிடைத்ததா என்று நான் எழுதப்போவதில்லை. ஆய்வாளரின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். ஏழாம் கட்டத்தில் இப்போது இருப்பது இதுதான்:

'சிறு படகுகள் கடலுக்குப் போக வேண்டாம் என்று காலை ஆறு மணி வானொலி எச்சரிக்கும் ஒவ்வொரு நாளும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை.'