எப்போது வருவாய் என்று கேட்டவள்

சுரங்கத்துக்குக் கிளம்பும் ஆளிடம் எப்போது வருவாய் என்று கேட்கக் கூடாது. கோலார் தங்கவயலில் இதை யாரும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. நெருப்பைத் தொடக் கூடாது என்பதைப் போல அது தெரிந்திருக்கும். பிரிசில்லாவுக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் ஆறு வயதில் ஒரு நாள் கேட்டுவிட்டாள். வேலைக்குக் கிளம்பிய அப்பா ஜெயவேலு சிரித்தார். அம்மா ஞானம்மாள் பின்னாலிருந்து வந்து அவள் வாயிலேயே அடித்தாள். அன்று மதியம் பூமிக்குள் பாறை வெடித்து, அலமாரியிலிருந்த பாத்திரங்கள் கீழே விழுந்தன. ஏர் பிளாஸ்ட் என்று கத்திக்கொண்டு தெருவே ஓடியது. அப்பா வரவில்லை.

அந்தக் கேள்வியைப் பற்றி அம்மா அதன்பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெங்களூருக்கு வந்து மர்பி டவுனில் குடியேறிய பிறகும் பேசவில்லை. பேசாத இடத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே முடிவு செய்துகொள்கிறார்கள். பிரிசில்லா முடிவு செய்திருந்தாள்.

இப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. அண்ணன் பால்ராஜ் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டால் அவளுக்கு மூச்சு முட்டும், விரல்கள் மரத்துப்போகும், இப்போதே செத்துவிடுவோம் என்று தோன்றும். வீட்டில் இருந்தால் அவன் திரும்பும்வரை வாசலில் நிற்பாள். முன்பு பார்த்த இரண்டு தையல் கம்பெனி வேலைகளும் இதனால்தான் போயின. அண்ணன் சாப்பிட வந்துவிட்டானா என்று பார்க்க, மதியத்தில் மெஷினை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாள். இப்போது கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறாள்.

காரணம் எல்லோரிடமும் இருந்தது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றாள் பக்கத்து வீட்டு ரத்தினம்மாள். இதயத்தைச் சோதித்த டாக்டர், இதயத்தில் ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மாவின் அண்ணன் ஆம்ப்ரோஸ், அவளுக்குள் ஓர் ஆவி இருக்கிறது என்றார். அவரும் சுரங்கத்தில் இருந்தவர்; இப்போது ஜெபக்குழுவில் மூப்பர். ஓசூர் பக்கம் ஒரு ஜெபவீட்டில் விட்டால் அது போகும்வரை வைத்துக்கொள்வார்களாம். ஒருமுறை சவாரி போனபோது அங்கே சிலரைச் சங்கிலியோடு பார்த்ததாகப் பால்ராஜே சொல்லியிருந்தான். அப்படியும் அவன் மாமாவை எதிர்த்துப் பேசவில்லை. சனிக்கிழமைக்கு வேன் பேசியாயிற்று.

இவர்களுக்குத் தெரியாமல் அவள் சில மாதங்களாகவே அந்த டாக்டர் இருந்த ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஜானகி என்ற உளவியலாளர் அங்கே இருந்தார். அவர் அவசரப்படுத்தவில்லை. இரண்டு பேரும் பேசாமலே நெடுநேரம் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் அப்பாவிடம் கேட்ட கேள்வியை அவள் வெளியே சொன்னாள். பிறகு, தன் வியாதிக்கு அதுதான் காரணமா என்று கேட்டாள்.

"ஒரே காரணம்னு சொல்ல முடியாதும்மா," என்றார் ஜானகி. "உங்க அப்பாவோட அம்மாவுக்கும் இப்படி மூச்சு முட்டும்னு சொன்னீங்க. கொஞ்சம் உடம்போட வந்திருக்கலாம். அப்பா செத்தது ஒண்ணு. அதப் பத்தி யாரும் பேசாம விட்டது ஒண்ணு. அப்புறம், நீங்க தினம் வாசல்ல நிக்கறீங்க பாருங்க, அது."

"நின்னா இன்னா மேடம்?"

"நீங்க நின்னதாலதான் அண்ணன் பத்திரமா வந்தார்னு பயம் நினைச்சுக்குது. நிக்காட்டியும் வருவார்னு அதுக்குக் காட்டவே இல்லையே."

காட்டத் தொடங்கினாள். முதலில் வாசலில் நிற்காமல் வீட்டுக்குள் உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே நடுங்கினாள். பிறகு கடையில். கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டுப் போகிறவர்களிடம் எப்போது வருவீர்கள் என்று கேட்பது எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம். அவள் மட்டும் அதைக் கேட்காமலே காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். இப்போது கேட்டாள். எல்லோரும் திரும்பி வந்தார்கள். ஒருவர் வந்து, பிரேம் மூக்கில் நிற்கவில்லை என்று சண்டையே போட்டார். ஜானகியிடம் அதைச் சொல்லி அவள் வெகுநேரம் சிரித்தாள்.

அண்ணனிடம் கேட்பது மட்டும் மிச்சமிருந்தது.

சனிக்கிழமை காலை ஆம்ப்ரோஸ் மாமா வந்தார். வேன் தெருமுனையில் நின்றது. அம்மா அவளுடைய துணிகளைப் பையில் எடுத்துவைத்திருந்தாள். பால்ராஜ் யாருடைய முகத்தையும் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"நான் வரல மாமா," என்றாள் பிரிசில்லா.

"நீ பேசல. உள்ள இருக்குதே, அது பேசுது."

"உள்ள யாரும் இல்ல. நான்தான் பேசறேன்."

ஆஸ்பத்திரிக்குப் போவதைச் சொன்னாள். அப்பாவிடம் கேட்ட கேள்வியையும் எல்லோர் முன்னாலும் சொன்னாள். அம்மா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாதென்று தெரிந்தும் கேட்டாயே, அன்றைக்கே பிசாசு உன் நாக்கில் ஏறிவிட்டது என்றார் மாமா.

"அன்னைக்குக் கீழ எத்தினி பேரு செத்தாங்க மாமா?"

"மூணு பேரு."

"மத்த ரெண்டு வீட்டுல யாரு கேட்டாங்க?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அழுகிறாளா என்று பிரிசில்லாவால் பார்க்க முடியவில்லை. பால்ராஜ் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"அண்ணா, எப்ப வருவ?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "ரெண்டு மணிக்கு," என்றான். "சாப்பாட்டுக்கு." வண்டி கிளம்பிப் போய்விட்டது.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேன் மதியம்வரை நிற்கட்டும் என்றார். அவன் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டால் தானே வேனைத் திருப்பி அனுப்பிவிடுவதாகவும், வராவிட்டால் அவள் ஏறிவிட வேண்டும் என்றும் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பழைய பிரிசில்லா என்றால் ஒப்புக்கொண்டிருப்பாள்.

"அவன் வந்தாலும் நான் வரமாட்டேன், வராட்டியும் வரமாட்டேன்," என்றாள். "லேட்டா வந்தா அதுக்குப் பேரு ட்ராஃபிக் மாமா. பிசாசு இல்ல. எனக்குக் கடைக்கு நேரமாச்சு."

அம்மா கதவை மறித்து நின்றாள். "அவன் வர்றவரைக்குமாவது நில்லுடி."

"இத்தினி வருஷம் நின்னாச்சும்மா."

இருவரும் அப்படியே நின்றார்கள். அம்மாவின் கை நிலையைப் பிடித்திருந்தது. பிரிசில்லா அதைத் தள்ளவில்லை. அது தானாக இறங்கும்வரை காத்திருந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். தெருமுனையில் நின்ற வேனை உரசிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. போனாள்.

அல்சூர் ஏரிக்கரைக்கு வரும்போதே மூச்சு முட்டியது. நின்றால் திரும்பிவிடுவோம் என்று தெரிந்ததால் நிற்கவில்லை. பயமும் கூடவே வந்தது.

இரண்டு மணிக்கு அவள் கவுன்டரில் இருந்தாள். விரல்கள் மரத்தன. வீடு இருக்கும் திசையில் கால்கள் இழுத்தன. கல்லாவுக்குப் பக்கத்தில் போன் இருந்தது. ரத்தினம்மாள் வீட்டு நம்பரும் அவளுக்கு மனப்பாடம். அவள் போனைத் தொடவில்லை. பயம் கழுத்துவரை ஏறி அங்கேயே வெகுநேரம் நின்றது. பிறகு, வீட்டிலிருந்து ஒரு சேதியும் வராமலே, யாரும் ஓட்டாமலே, மெல்ல இறங்கத் தொடங்கியது.

பால்ராஜ் வந்துவிட்டானா என்று அவளுக்குத் தெரியாது. பெஞ்சில் காத்திருந்த ஒரு பெரியவரைக் கூப்பிட்டு, எதிரே உட்காரவைத்து, எழுத்துப் பலகையின் முதல் வரியைப் படிக்கச் சொன்னாள்.