பன்னிரண்டு ஏழுகள்

நீர்வேலியில் கணக்கு ரீச்சர் என்றால் அது உதயகலாதான். அவளுக்கும் தம்பி செந்தூரனுக்கும் எண்கள் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம். பஸ் ரிக்கற்றில் இருக்கிற இலக்கத்தைக்கூட வகுத்துப் பார்க்காமல் எறிய மாட்டார்கள்.

தாய்லாந்துப் பக்கம் கணினி வேலை என்று செந்தூரன் போய் நான்கு மாதம். முதல் வாரத்துக்குப் பிறகு அவன் குரலை ஒருவரும் கேட்கவில்லை. "சுகம்" என்று குறுஞ்செய்தி மட்டும் வரும். அதை யாரும் தட்டி அனுப்பலாம். இதற்குப் பயந்துதான், போகிற அன்று அவன் அக்காவிடம் மட்டும் ஒன்று சொல்லியிருந்தான்.

"என்ரை வேலை இலக்கத்தைக் கேள் அக்கா. நான் சொல்லி அனுப்புறது ஏழாலை மிச்சமில்லாமல் பிரிஞ்சால் நான் சுகம். பதின்மூண்டாலை பிரிஞ்சால் ஆபத்து, பிறகு ஒருத்தரையும் அனுப்பாதை."

இன்று, செந்தூரனை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரர் கனகரத்தினம், அவளின் கடைசித் தம்பி றமேசையும் கூட்டிப்போக வந்து, விறாந்தையில் கால்மேல் கால் போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வான் வாசல் படலையில் நின்றது. காற்றில் முறிந்த வாழைகளைப் பார்த்து அலுத்துப்போன அப்பாவுக்கு அவர் தெய்வமாய்த் தெரிந்தார். உதயகலாவுக்கோ அவரில் துளியும் நம்பிக்கை இல்லை. செந்தூரனின் வேலை இலக்கம் தெரியாமல் றமேசை விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஏன் என்று கேட்டதற்கு, ஏதோ படிவம் நிரப்ப என்று சொல்லிச் சமாளித்தாள். அவர் வானடிக்குப் போய்ப் போனில் கதைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

777777777777.

"ஏழாலை பிரியிற இலக்கம்தானே பிள்ளை உமக்கு வேணும்? வடிவாய்ப் பிரிச்சுப் பாரும்."

ஏழு என்ற எண்ணைப் பற்றி உதயகலா எவரிடமும் வாய் திறந்ததில்லை. செந்தூரனின் வாயிலிருந்துதான் அதைப் பிடுங்கியிருக்க வேண்டும். எப்படிப் பிடுங்கினார்களோ.

ஆனால் ஒரே இலக்கத்தை ஆறு தரம் அடுக்கினால் அது ஏழால் மட்டும் பிரிவதில்லை. பதினொன்றாலும் பிரியும், பதின்மூன்றாலும் பிரியும். பன்னிரண்டு தரம் அடுக்கினாலும் அப்படித்தான். மனம் கேளாமல் மேசையில் கிடந்த கொப்பியில் பதின்மூன்றால் வகுத்தாள். 59829059829 வந்தது. மிச்சம் ஒன்றுமில்லை.

அடித்துக் கேட்டபோது ஏழு என்பதை மட்டும் சொல்லிவிட்டான், பதின்மூன்றை விழுங்கிவிட்டான். ஏழால் பிரிகிற எண் என்று அவர்களுக்கு நல்லபிள்ளையாய் இதையே எடுத்துக் கொடுத்திருக்கிறான். அந்த நிலையிலும் என்ன மூளை அவனுக்கு.

றமேஸ் பையைத் தூக்கித் தோளில் போட்டான். மறித்தால், செந்தூரன் ஏமாற்றியது அவர்களுக்குத் தெரிந்துவிடும். மறிக்காவிட்டால் இவனும் அங்கேதான். அவள் எட்டி றமேசின் கையிலிருந்த பாஸ்போட்டைப் பறித்தாள்.

"இவன் வரமாட்டான், அண்ணை."

கனகரத்தினம் கோப்பையைக் கீழே வைத்தார். அவளைப் பார்த்தார், கொப்பியில் பதின்மூன்றால் வகுத்திருந்த கணக்கைப் பார்த்தார். பிறகு அந்த இலக்கத்தை அனுப்பியவர்களுக்கே திரும்பவும் அழைப்பு எடுத்தார்.