கார்டு யாரிடம் இருக்கிறது

1996இல் வஜீஹாவுக்கு இருபத்தாறு வயது. எந்த வயதில், எவ்வளவு சம்பளத்தில் இருப்பவர்கள் கிரெடிட் கார்டு வைத்திருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் சர்வே வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெசன்ட் நகரில் இரண்டாவது மாடி வீட்டுக் கதவைத் தட்டினாள். தாரணி என்ற பெண் திறந்தாள்.

கணவன் முத்துகிருஷ்ணனுக்கு முப்பத்தைந்து வயது, ஈக்காட்டுத்தாங்கலில் பம்ப் கம்பெனி வேலை, சம்பளம் நாலாயிரம், கார்டு கிடையாது என்றாள் தாரணி. வஜீஹா எழுதிக்கொண்டாள். தாரணி தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரத்தில் முத்துகிருஷ்ணன் தலையைத் துவட்டியபடி வந்தான். என்ன சர்வே என்று தெரிந்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"கார்டா? ரெண்டு இருக்கு. எங்க ஆபீஸ்ல என் வயசுல வேற எவனுக்கும் கிடையாது."

"சம்பளம் சார்?"

"பதினாலாயிரம்" என்றான், குரலைத் தாழ்த்தி.

தாரணி சொம்போடு வந்து நின்றாள். வஜீஹா யோசிக்காமல் கேட்டுவிட்டாள். "அக்கா நாலாயிரம்னு சொன்னாங்க. எத சார் எழுதறது?"

தாரணி கணவனைப் பார்த்தாள். "பாப்பா காது ஆபரேஷனுக்குக் கையில காசே இல்லேன்னீங்களே."

அவன் சொம்பைப் பிடுங்கி அவள் முகத்தில் அடித்தான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது. கூந்தலைப் பற்றித் தலையைக் கதவு நிலையில் மோதினான். உள்ளே குழந்தை வீறிட்டது.

வஜீஹா ஓடத்தான் நினைத்தாள். நாலு படி இறங்கியும்விட்டாள். தலை மரத்தில் மோதும் சத்தம் மறுபடி கேட்டதும் திரும்பி வந்து, கையிலிருந்த எழுதும் அட்டையால் அவன் பிடரியில் ஓங்கி அடித்தாள். அவன் மனைவியை விட்டுவிட்டு வஜீஹாவின் வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். எலும்பு முறிந்தது அவளுக்கே கேட்டது.

"என் வீட்டுல வந்து கலகமா பண்றே?"

தாரணி சமையலறையிலிருந்து அம்மிக் குழவியை இரண்டு கைகளாலும் தூக்கி வந்து அவன் முழங்காலில் இறக்கினாள். விழுந்தவன் அவள் புடவையைப் பிடித்து இழுத்தான். அந்தக் கையின் மேலும் இறக்கினாள். மூன்றாவது தடவை தூக்கியபோது வஜீஹா குறுக்கே நின்றாள்.

"போதும்க்கா. செத்துடுவான். புள்ளைய எடு, வா."

ஆட்டோவில் வஜீஹா அழுதாள். "என்னாலதானே அக்கா."

"கல்யாணமாகி நாலு வருஷமா அடிவாங்கறேன்" என்றாள் தாரணி. "நீ இன்னிக்குத்தானே வந்தே."

தாரணிக்கு ஏழு தையல், வஜீஹாவுக்கு மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் தாரணி புகார் கொடுத்தாள். முத்துகிருஷ்ணனின் அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்து சமாதானம் பேசினார். இன்ஸ்பெக்டரும் அதையே சொன்னார். தாரணி புகாரை வாபஸ் வாங்கவில்லை. வஜீஹா சாட்சியாக இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். வழக்கு இரண்டு வருடம் இழுத்தது. அவனுக்கு எட்டு மாதம் கிடைத்தது. அதற்குள் தாரணி தி. நகரில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்து, குழந்தையின் ஆபரேஷனையும் முடித்திருந்தாள்.