சோக் என்று நினைத்த கம்பி

என் தங்கை பவானியைக் கட்டிய தேவநாதனுக்கு ஒரு சைக்கிள் பஞ்சர் ஒட்டத் தெரியாது. சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு நம்பர் ஒட்டுகிற உத்தியோகம். அந்த மகானுபாவர்தான் தன் பழைய பெட்ரோல் ஜீப்பின் இன்ஜினைக் கழற்றிவிட்டு, உடைக்கப் போட்ட ஒரு வேனின் டீசல் இன்ஜினை வீட்டு வாசலிலேயே தன் கையாலேயே ஏற்றப் போகிறேன் என்று கிளம்பினார். யாரிடம் கற்றார்? செல்போனிடம். நான் கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின்களோடு இருபத்தாறு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் அமையவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் பவானி வீட்டில் இலை போட்டுச் சாப்பிடுவதுதான் எனக்கிருக்கிற சொந்தபந்தம் மொத்தமும். அதற்கும் போன தீபாவளியோடு ஆபத்து வந்துவிட்டது. அவருடைய சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கையில், "எங்க மாப்ள ஸ்பேனரப் புடிச்சா சாம்பாரு கிண்டுற மாதிரியே இருக்கும்" என்று சொல்லித் தொலைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். தேவநாதனும் சிரித்தார். பவானி சிரிக்கவில்லை. தெருமுனை வரை என்கூட வந்தாள்.

"இன்னொரு தடவ அவர நாலு பேரு எதுர்ல அசிங்கப்படுத்துனின்னா இந்த வூட்டுப் பக்கமே வராத ண்ணா. வெளையாட்டுக்குச் சொல்லல" என்றாள்.

வாயை மூடிக்கொண்டேன். அது என்ன லேசுப்பட்ட காரியமா? இன்ஜினைத் தூக்க முருங்கை மரத்துக் கிளையில் செயின் பிளாக் கட்டப் பார்த்தார். வேதாளமே கொஞ்சம் யோசித்துத்தான் அந்த மரத்தில் ஏறும். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து தடுத்தார். வெல்டிங் மிஷினை வாடகைக்கு எடுத்து, இன்ஜினைத் தாங்குகிற பட்டைகளைத் தானே பற்ற வைத்தார். பற்ற வைத்த இடமெல்லாம் காக்கா எச்சம் போட்ட மாதிரி இருந்தது. "எப்டி மச்சான் இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். "நல்லாருக்கு மாப்ள" என்றேன். அப்படிச் சொன்னதற்கு எனக்குத் தனியாக ஒரு கோயில் கட்ட வேண்டும்.

பங்குனியில் ஒரு ஞாயிறு காலை முதல் ஸ்டார்ட். ஏழரையிலிருந்து எட்டரை வரை நல்ல நேரமாம், அதற்குள் இன்ஜின் ஓடியே தீர வேண்டுமாம். அந்த அவசரத்தில் காற்று போகிற வாயில் ஏர் ஃபில்டர்கூட மாட்டவில்லை. பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டும் மாட்டவில்லை, ஆகவே வண்டி ஓர் அங்குலம் நகராது. நகராத வண்டிக்கு நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். தெருவே வந்து நின்றது. பவானி பட்டுப்புடவையில் கற்பூரத்தட்டோடு நின்றாள்.

வண்டியைச் சுற்றி வந்தேன். கழித்துப் போட்ட சாமான்களுக்கு நடுவே, குமிழ் வைத்த ஒரு கம்பி கிடந்தது.

"இது என்னாது மாப்ள?"

"அது சோக் மச்சான். டீசலுக்கு எதுக்கு சோக்கு? மாட்டாம வுட்டுட்டேன்."

அது சோக் இல்லை, டீசல் இன்ஜினோடு வேனிலிருந்து வந்த கம்பி. பெட்ரோல் வண்டியில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் நின்றுவிடும். இந்த மாதிரிப் பழைய டீசலுக்குச் சாவி கிளப்புவதற்கு மட்டும்தான். நிறுத்த வேண்டுமென்றால் அந்தக் குமிழை இழுத்து, உள்ளே போகிற டீசலை அறுக்க வேண்டும். பெட்ரோல் வண்டியைக் கிளப்ப சோக்கை இழுத்தே பழகிய ஆளுக்கு அது சோக்காகத்தான் தெரியும்.

காதோடு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதில் யாருக்கும் அசிங்கமில்லை. ஆனால் ஐந்து மாதம் வாயை மூடியவனுக்கு ஏதாவது கூலி வேண்டாமா? நான் அசிங்கப்படுத்தினால்தானே குற்றம்? அவரே தன்னை அசிங்கப்படுத்திக்கொண்டால் என் வாய் சுத்தம். காற்று போகிற வாயை அடைத்தால் எந்த டீசலும் மூச்சு முட்டி நின்றுவிடும். ஒரு பலகைத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு இன்ஜின் பக்கத்தில் போய் நின்றேன். நான் பொறுப்பில்லாதவன் இல்லை.

சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே பிடித்துவிட்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பவானி என்னைப் பார்த்து, பாத்தியா என்பது போலத் தலையை ஆட்டினாள்.

ஆக்சிலேட்டர் வயரை முறுக்கிக் கட்டியிருந்தார் போல. இன்ஜின் ஏறிக்கொண்டே போனது. சாவியை அணைத்தார், நிற்கவில்லை. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு சாவியையே பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் நின்றேன். பார்த்தேன். போதாதென்று இன்னும் கொஞ்சம் பார்த்தேன்.

அதற்குள் வெல்டிங் விட்டது. இன்ஜின் முன்னால் சாய்ந்து, ஃபேன் போய் ரேடியேட்டரில் இடித்து, ஒரு துண்டு தெறித்தது. பலகையை வைத்து அடைத்தேன். இரண்டு நொடியில் எல்லாம் நின்றது. திரும்பினால் பவானியின் கற்பூரத்தட்டு தரையில் கிடந்தது. அவள் இடது கண்ணைப் பொத்தியிருந்தாள், விரலிடுக்கில் ரத்தம்.

கண் தப்பியது. புருவத்தில் ஐந்து தையல். கிளினிக் பெஞ்சில் தேவநாதன் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். பவானி கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் என் தப்பு. மச்சான் மட்டும் இல்லன்னா இன்னிக்கி என்ன ஆயிருக்கும்? நான் சாவியத் திருப்பறதுக்கு மின்னாடியே பலகையக் கையில வச்சிக்கினு ரெடியா நின்னாரு. தொழில் தெரிஞ்ச மனுசன்னா இவருதான்."

பவானி நிமிர்ந்தாள். கட்டுக்கு வெளியே இருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"மின்னாடியேவா?"

"ஆமா பவானி, மொதல்லயே."

அவள் வாசலைப் பார்த்து நடந்தாள். என்னைக் கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். வெட்கம் கெட்டவன், அதையும் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தேவநாதன் என் தோளில் கை வைத்தார். "வர்ற ஞாயித்துக்கெழம நீங்களே கூட இருந்து சொல்லிக் குடுங்க மச்சான். இனிமே உங்களக் கேக்காம ஒரு நட்டக்கூடத் தொட மாட்டேன்." என் ஐந்து மாதத்து ஆசை அது.

உள்ளே இலை போடுகிற சத்தம் கேட்கவில்லை. பவானி சோற்றையும் குழம்பையும் ஐஸ்கிரீம் டப்பாக்களில் அடைத்து, ஒரு பையில் போட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள்.

"டப்பாவத் திருப்பிக் குடுக்க வர வேணாம் ண்ணா" என்றாள்.