உச்சவரம்புக்குள் ஒரு முழங்கால்

டாக்டர் ஓலேனிக், லைல் சவாட்ஸ்கியின் வலது முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்து, ரொட்டி மாவைப் பிசைவது போல மெதுவாக அழுத்தினார்.

"இங்க வலிக்குதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

"கொஞ்சங்கூட?"

"உங்க கைதான் சில்லுன்னு இருக்கு டாக்டர்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். நோயாளி நலமாக இருப்பதைக் கேட்டு ஒரு மருத்துவர் இவ்வளவு மனம் உடைந்து லைல் பார்த்ததில்லை. அன்று காலையிலிருந்தே எல்லோரும் அவனிடம் அளவுக்கு மீறிய அன்பு காட்டினார்கள். உடைமாற்றும் அறையின் வாசலில் ஒருவர் அவனுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். மேலாளர் அறையிலிருந்து அவனுக்கு ஒரு சாய்வு நாற்காலி வந்திருந்தது. லைல் அதில் தன் ஈரத் துண்டைக் காயப்போட்டான்.

விஷயம் இதுதான். லைல் ஆடும் சஸ்கட்டூன் க்ரேன்ஸ் போன்ற கனடாவின் தொழில்முறை பனி ஹாக்கி அணிகளுக்கு லீக் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆட்டக்காரர்கள் எல்லோருடைய சம்பளத்தையும் கூட்டினால் அந்த வரம்பைத் தாண்டக் கூடாது; முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் சரி. க்ரேன்ஸின் மேலாளர் கென்ட் மெக்கிலவ்ரி, அணித் தலைவன் ஆர்சனோவை எட்டு வருடத்துக்கு வளைத்துப் போட்ட சந்தோஷத்தில் அந்த வரம்பில் தலை இடிக்கும் அளவுக்குப் போய் நின்றுவிட்டார். நிற்பதில் தவறில்லை. யாரும் தும்மாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை ஆட்டத்தில் இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு ஒரே நேரத்தில் அடிபட்டது. இரண்டும் ஒரு வாரத்தில் ஆறிவிடும் காயங்கள். அதுதான் கொடுமை. கொஞ்சம் தாராளமாக அடிபட்டிருந்தால் அவர்களை நீண்டநாள் காயப் பட்டியலில் சேர்க்கலாம். சேர்த்தால் அவர்கள் சம்பளம் கணக்கில் வராது. அந்த இடத்தில் கீழ் அணியிலிருந்து இரண்டு இளைஞர்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஒரு வாரக் காயத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இவர்கள் இருவரும் அரைகுறையாக அடிபட்டு, முழுச் சம்பளத்தோடு கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆக, வேறு யாராவது ஒழுங்காகக் காயப்பட வேண்டும். சம்பளம் சரியாக இரண்டு இளைஞர்களின் சம்பளத்துக்கு ஈடாக இருக்க வேண்டும். வயதானவனாக இருந்தால் பத்திரிகைக்காரர்களும் நம்புவார்கள். தடுப்பாட்டக்காரன் லைலுக்கு முப்பத்தேழு வயது; சம்பளமும் பொருந்தியது.

உண்மை என்னவென்றால், அவன் முழங்கால் வலித்தது. நான்கு வருடமாக வலிக்கிறது. மாடிப்படி இறங்கும்போது உள்ளே யாரோ சரளைக்கல் கொட்டுவது போலச் சத்தம் வரும். ஆனால் வலிக்கிறது என்று சொல்லும் வழக்கம் ஹாக்கிக்காரர்களிடம் கிடையாது. பல் விழுந்தால் பொறுக்கிக் கையுறைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த முறை களத்தில் இறங்குவார்கள். கழகங்களும் அப்படித்தான். எந்த எலும்பு முறிந்தாலும் பத்திரிகைக்கு "உடலின் மேல்பாதி" அல்லது "உடலின் கீழ்பாதி" என்றுதான் அறிக்கை போகும். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை, கேட்பது மரியாதையில்லை.

டாக்டர் ஓலேனிக் நேர்மையான மனிதர். இல்லாத காயத்தை எழுதமாட்டார். லைல் வாய் திறந்து ஒரு வார்த்தை உண்மை பேசினால் போதும், மிச்சத்தை அவர் மனச்சாட்சி பார்த்துக்கொள்ளும். இத்தனை வருடமாகச் சொல்லிவந்த அதே பொய்யை லைல் அன்றும் சொன்னான். ஒரே வித்தியாசம், முன்பெல்லாம் அதைக் கேட்டுக் கழகம் சந்தோஷப்பட்டது.

மதியம் கென்ட் அவனைக் கூப்பிட்டார். அறையில் கழகத்தின் வழக்கறிஞர் ஜோஸ்லின் பெலாஞ்சேவும் இருந்தாள். உச்சவரம்பு விதிகளை மனப்பாடமாக ஒப்பிப்பாள் என்பதற்காகவே வின்னிபெக்கிலிருந்து அவளைக் கூட்டி வந்திருந்தார்கள்.

"உக்காரு லைல். காலை நீட்டிக்கோ."

"நீட்ட வேணாம் கென்ட். நல்லாத்தான் இருக்கு."

"பாரு, முழுச் சம்பளம் வரும். மேல கண்ணாடி ரூம்ல உக்காந்து ஆட்டம் பாக்கலாம். பாப்கார்ன் இலவசம். சீசன் முடிய மூணு வாரந்தான் இருக்கு."

"எனக்கும் மூணு வாரந்தான் இருக்கு."

லைலின் ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. முப்பத்தேழு வயதில், காயப் பட்டியலிலிருந்து, இன்னொரு ஒப்பந்தம் யாரும் தரமாட்டார்கள். அந்தப் பட்டியலில் பெயர் ஏறினால் வியாழக்கிழமை ஆடியதுதான் அவனுடைய கடைசி ஆட்டம். அதில் அவன் செய்த ஒரே சாதனை, நடுவரின் கால் தடுக்கி விழுந்தது.

"என்னை வேணாம்னா வேற எங்கயாவது அனுப்புங்க. அதை நேரா சொல்லுங்க. நொண்டின்னு எழுதாதீங்க."

"அனுப்ப முடியாது," என்றாள் ஜோஸ்லின். "உங்க சம்மதம் இல்லாம உங்களை எங்கயும் மாத்தக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு."

"எந்தப் புத்திசாலி அதை எழுதிக் குடுத்தான்?" என்றார் கென்ட்.

"நீங்கதான். போன வருஷம் மீன்பிடிக்கப் போன இடத்துல."

கென்ட் சன்னலுக்கு வெளியே பார்த்தார். ஆற்றில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை.

லைல் ஜோஸ்லின் பக்கம் திரும்பினான். "நானும் போகல, புதுசா யாரும் வரல. நாளைக்கு இருக்கறவங்களோட மட்டும் ஆடினா என்ன ஆகும்?"

"பெஞ்சுல ரெண்டு இடம் காலியா இருக்கும். தடுப்பாட்டத்துல ஆறு பேருக்குப் பதிலா நாலு பேரு."

"அதுக்கு அனுமதி உண்டா?"

"உண்டு. சொல்லப்போனா, ஒரு ஆட்டம் அப்படி ஆள் குறைவா ஆடிக் காட்டிட்டா, அடுத்த ஆட்டத்துக்கு அவசர ஆளா ரெண்டு பேரைக் கூப்பிடலாம். அவங்க சம்பளம் வரம்புல சேராது. கஷ்டப்படறது நிஜந்தான்னு லீக்குக்குத் தெரியணும், அதுக்காக வச்ச விதி."

"இதை நீ காலைலயே சொல்லலையே?" என்றார் கென்ட்.

"சொன்னேன். நீங்க சாய்வு நாற்காலிக்கு ஆர்டர் குடுத்துட்டு இருந்தீங்க."

கென்ட் எழுந்து நின்றார். "நாளைக்கு ஹாமில்டன் கூட ஆட்டம். அவங்க நம்மள விட ரெண்டே பாயின்ட் மேல. தோத்தா பிளேஆஃப் சுத்துக்குப் போறது போச்சு. நாலே பேரோட தடுத்து ஆடணுமா? உன் மூணு வாரத்துக்காக ஒரு ஊரோட சீசனையே பணயம் வைக்கச் சொல்றியா?"

கேள்வி நியாயமானது. அதனால்தான் அது முழங்காலை விட அதிகமாக வலித்தது.

"அதை நான் தனியா முடிவு பண்ண முடியாது," என்றான் லைல். "ஆடப்போறவங்களைக் கேட்டுட்டு வரேன்."

உடைமாற்றும் அறையில் சவாட்ஸ்கி என்று முழுப்பெயர் சொல்லும் பொறுமை யாருக்கும் கிடையாது. "சாட்ஸ்" என்பார்கள், அல்லது வயதைக் கௌரவித்து "பெருசு" என்பார்கள். லைல் நடுவில் நின்று விஷயத்தைப் போட்டு உடைத்தான். பேச்சு அவனுக்கு வராது. அதனால் சுருக்கமாக முடிந்தது.

"நான் ஒதுங்கினா ரெண்டு புது ஆள் வருவாங்க. ஒதுங்கலைன்னா நாளைக்கு ரெண்டு ஆள் கம்மி. எனக்கு ஆடணும். ஆனா உங்கள்ல ஒருத்தன் வேணாம்னு சொன்னாலும், இப்பவே போய் நொண்டிட்டு வரேன்."

கோல்காப்பாளன் டூசே காலுறையைக் கழற்றியபடியே தலை தூக்காமல் சொன்னான். "பெருசு, நீ நொண்டினா யாருக்குத் தெரியப்போகுது? உன் ஸ்கேட்டிங்கே அப்படித்தான்."

அறை சிரித்தது. ஆர்சனோ மட்டும் சிரிக்கவில்லை. எட்டு வருட ஒப்பந்தக்காரன். அணியின் சம்பளக் கணக்கில் ஏழில் ஒரு பங்கு அவன் ஒருவனே.

"ஜோஸ்லினைக் காலைலயே கேட்டேன்," என்றான். "என் சம்பளத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா வழி பொறக்குமான்னு. எழுதின சம்பளத்தைக் குறைக்க விதியில இடமில்லையாம். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாதாம்."

"அவ்வளவு பாரமா இருந்தா எங்கிட்ட குடு," என்றான் டூசே.

"வாயை மூடு. சாட்ஸ், வலைக்கு முன்னாடி நீ நிக்கற தைரியத்துலதான் நான் முன்னாடி போறேன். நாளைக்கு நீ மேல உக்காந்து பாப்கார்ன் தின்னா நான் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே ஆடணும். ஆள் கம்மியாவே ஆடுவோம். எவனுக்காவது ஆட்சேபணை இருக்கா?"

ஃபின்லாந்துக்காரன் ஒருவன் கை தூக்கினான். எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்தச் சாய்வு நாற்காலி," என்றான் அவன். "யாரும் உக்காரலைன்னா நான் எடுத்துக்கவா?"

சனிக்கிழமை மதியம் அரங்கம் நிறைந்திருந்தது. ஆட்டம் தொடங்குமுன் இரு அணிகளும் பனிக்களத்தில் வரிசையாக நின்றபோது, க்ரேன்ஸ் வரிசை மட்டும் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஜனங்கள் எண்ணிப் பார்த்தார்கள். அந்த ஊரில் மாவு மில் காசாளர் முதல் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் வரை எல்லோருக்கும் உச்சவரம்பு விதி அத்துப்படி. குழந்தைகளின் பிறந்தநாளை விட ஆர்சனோவின் ஒப்பந்தம் முடியும் வருடம் நன்றாக நினைவிருக்கும். எனவே விளக்கம் தேவைப்படவில்லை. கீழ்வரிசையில் யாரோ ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். பக்கத்திலிருந்தவர்கள் எழுந்தார்கள். பிறகு மொத்த அரங்கமும் எழுந்து நின்று தட்டியது. ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை, யாரும் எதுவும் செய்யவில்லை. ஆள் குறைவாக வந்து நின்றதற்கே கைதட்டல்.

லைல் தலைக்கவசத்தின் வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டான்.

ஹாமில்டன்காரர்களுக்கும் எண்ணத் தெரியும். ஒவ்வொரு முறையும் பக்கை, அந்தக் கறுப்பு ரப்பர் வில்லையை, லைல் நிற்கும் மூலைக்கே தள்ளிவிட்டு அவனை ஓடவைத்தார்கள். வழக்கமாக முக்கால் நிமிடம் ஆடிவிட்டுப் பெஞ்சில் மூச்சு வாங்க நேரம் இருக்கும். அன்று உட்காருவதற்குள் பயிற்சியாளர் தோளைத் தட்டினார்.

"முடியுமா?"

"ம்."

இரண்டாம் பகுதியின் முடிவில் ஹாமில்டன் ஒரு கோல் முன்னிலை. கடைசியான மூன்றாம் பகுதியில் ஆர்சனோ சமன் செய்தான். அதன்பின் க்ரேன்ஸ் செய்ததெல்லாம் உயிரைப் பிடித்துக்கொண்டு தடுத்ததுதான். ஒருமுறை எதிரணியின் முரட்டு அடி நேராக வலையை நோக்கி வர, லைல் குறுக்கே விழுந்தான். பக் வந்து பட்டது இடது விலாவில். பார்வையாளர்களெல்லாம் வலது முழங்காலையே கவனித்துக்கொண்டிருந்ததால் அவன் விலாவைத் தடவிக்கொள்ள வசதியாக இருந்தது.

"நல்ல இடமாப் பாத்து வாங்கின பெருசு!" என்று பின்னாலிருந்து டூசே கத்தினான். "மேல்பாதி இன்னும் புதுசா இருந்துச்சு!"

கூடுதல் நேரத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று பேர்தான். வேகமான பிள்ளைகளின் ஆட்டம் அது; லைலுக்கு அங்கே வேலையில்லை. பெஞ்சின் ஓரத்தில், காலி இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். ஆர்சனோ நடுக்களத்தில் பக்கை எடுத்தான். ஒருவனை ஏமாற்றினான், இன்னொருவனைச் சுற்றினான், காப்பாளனின் தோளுக்கு மேலே மெல்லத் தூக்கிப் போட்டான். அந்த எட்டு வருடச் சம்பளம் எதற்கு என்று அந்த நொடியில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அரங்கத்தின் கூரை அதிர்ந்தது. ஆர்சனோ கூட்டத்தின் பக்கம் போகவில்லை. நேராகப் பெஞ்சுக்கு வந்து, லைலின் கவசத்தைப் பிடித்து இழுத்துத் தன் நெற்றியோடு முட்டினான்.

"தின்னுடா பாப்கார்ன்!" என்று கத்தினான்.

லைல் தண்ணீர்ப் புட்டியை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டான். அப்புறம் முகம் ஈரமாக இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

குளித்து உடைமாற்றி வெளியே வந்தபோது நடைவழியில் கென்ட் நின்றிருந்தார். கழுத்துப்பட்டை தளர்ந்து, அவரே ஆடியது போல வேர்த்திருந்தார்.

"ரெண்டு பசங்களும் காலை விமானத்துல வராங்க," என்றார். "வரம்புல சேராது. லீக் ஒத்துக்கிச்சு."

"நல்லது."

"அதுல ஒருத்தன் உனக்கு ஜோடி. கொஞ்சம் பயந்த பையன்."

"பாத்துக்கறேன்."

கென்ட் தளர்ந்த கழுத்துப்பட்டையைக் கழற்றினார். "நான் உன்னை நொண்டின்னு எழுதப் பாத்தேன்."

"ஆமா."

"இன்னிக்கு இது என் அணின்னு சொல்லிக்கவே கூச்சமா இருந்துச்சு. ஆனா எல்லார்கிட்டயும் சொன்னேன்." கை நீட்டினார். லைல் குலுக்கினான். "வேணும்னா நாளைக்குப் பயிற்சிக்கு வராத. ரெஸ்ட் எடு."

"எதுக்கு?"



லைல் நடந்தான். கென்ட் பின்னாலிருந்து பார்ப்பது தெரிந்ததால் சாய்ந்து நடக்கவில்லை. திருப்பம் வரட்டும், சுவரைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். திருப்பத்தில் ஜோஸ்லின் மடிக்கணினியோடு நின்று தலையசைத்தாள். சரி, படிக்கட்டில் பார்த்துக்கொள்ளலாம். படிக்கட்டில் துப்புரவுப் பணியாளர்கள் இரண்டு பேர் துடைப்பங்களை நிமிர்த்தி மரியாதை செய்தார்கள். கைப்பிடியைத் தொடாமல் ஏறினான். சரளைக்கல் கொட்டும் சத்தத்தை மறைக்க ஏதோ ஒரு பாட்டைச் சீட்டியடித்தான்.

கதவுக்கு வெளியே மார்ச் மாத வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. வேலியோரம் ஐம்பது அறுபது பேர் குளிரில் காத்திருந்தார்கள். அவன் வருவதைக் கண்டதும் கத்தவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள்.

அவனுடைய வண்டி வாகன நிறுத்தத்தின் கடைசி வரிசையில், வெகு தூரத்தில் நின்றது. லைல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, அவ்வளவு தூரமும் நேராக நடந்தான்.